செட்டைக்குக் கீழே ஒரு விரல்

குளத்து அளவை வேலைக்காக, வவுனியாவுக்கு வடக்கே காட்டு ரோட்டோர வாடிவீடு ஒன்றில் தங்கியிருந்தேன். அங்கே மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி ஒன்று இருந்தது. அதில் கிடக்கும் கோழி நல்லதா பழுதா என்று தீர்ப்பது சமையற்காரரின் சுட்டுவிரல்தான். மெலிந்த மனிதர், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். கோழியின் இறக்கையைத் தூக்கி, செட்டைக்குக் கீழே விரலை வைத்தெடுத்து, பெருவிரலோடு உரசிப் பார்ப்பார்.

அன்றைக்கு விரல் ஒட்டியது.

"மணம் ஒண்டும் இல்லையே?" என்றேன்.

"மணக்க முந்தியே பிசுபிசுக்கும் ஐயா. இதைத் திண்டா வயித்தாலை போகும்."

எனக்கு முட்டைக் குழம்பு வந்தது. பின்னேரம் அவர் வீட்டுக்குப் புறப்பட்டபோது சைக்கிள் கரியரில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது.

"அந்தக் கோழியோ?"

"ஓம் ஐயா. பிள்ளையள் இறைச்சி கண்டு கனநாள். மிளகு கூடப் போட்டு நல்லா அவிச்சா ஒண்டும் செய்யாது."

"அப்ப எனக்கும் அப்பிடிச் சமைச்சிருக்கலாமே?"

முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பொட்டலத்தை நான் பறித்து எறிந்திருக்கலாம். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் காலை சமையற்காரர் வரவில்லை; எனக்குத் தேநீர் கொண்டுவந்தவர் வேறொருவர். ஏன் என்று கேட்காமலே தேநீரை வாங்கிக் குடித்தேன்.