மழைக்கு நின்ற ஆட்டம்

அந்த மனுஷன் செத்துப்போனார் என்று ரேடியோவில் சொன்னபோது நான் கனடாவில், ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் மகள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருந்தேன். இறங்க மனம் வரவில்லை. பேரனுக்கு வாங்கிய பால்மா பின்சீற்றில் கிடந்தது. எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான், மூக்கு அப்படியே என்னுடையது. அது வேறு கதை. ரேடியோவில் ரசிகர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவர் தோட்டத்தில் உழவு மெஷினில் இருந்தபடியே அவர் ஆட்டம் சொல்வதைக் கேட்பாராம். ஒரு பெண், கண் தெரியாமல் போன தன் தகப்பனுக்கு அவர்தான் கடைசிவரை பந்தைக் காட்டினார் என்றாள்.

மகள் வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"அம்மா, ஆர் யூ ஓகே? பால்மா எங்க?"

"பேஸ்போல் சொல்லுற மனுஷன் செத்துப்போச்சு, பிள்ளை."

"உங்களுக்கு பேஸ்போலே விளங்காதே!"

விளங்காதுதான். எத்தனை பந்துக்கு ஒருவன் வெளியே போகவேண்டும் என்று இன்றைக்குக் கேட்டாலும் முழிப்பேன். ஆனால் அந்தக் குரலை எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

அப்போது நாங்கள் கனடாவுக்கு வந்த புதிசு. ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்றில் அம்மா, சித்தப்பா, நான். அப்பா வரவில்லை. ஊரில் அவரை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது. விட்டதும் வந்துவிடுவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா பிஸ்கட் அடைக்கும் ஃபாக்ரறிக்குப் போனார். உடம்பெல்லாம் வனிலா வாசத்தோடு வருவார். இன்றைக்கும் கிரீம் பிஸ்கட்டைக் கண்டால் எனக்குக் குமட்டும். சித்தப்பா ஏரிக்கரையில் இருந்த பழைய மைதானத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. ஆட்டம் முடிந்து சனம் கலைந்தபிறகு அவர்கள் கொறித்துப் போட்ட கச்சான் கடலைக் கோது கூட்டவேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வந்ததும் சித்தப்பா வேலைக்கு வெளிக்கிடுவார், கதவைப் பூட்டிக்கொண்டால் வீட்டில் நான் மட்டும்தான். சித்தப்பா போகும்போது ரேடியோவில் ஆட்டம் சொல்பவரைப் போட்டுவிட்டு, "உவர் ஆட்டம் முடிஞ்சுது எண்டு சொன்னா, நான் கூட்டிப்போட்டு வந்திடுவன். பயப்பிடாத" என்பார். ஆட்டம் இழுத்தால் சித்தப்பா பிந்துவார். எனக்கு யார் வென்றாலும் ஒன்றுதான், முடிந்தால் போதும்.

ஆனால் கேட்டுக் கேட்டு அந்தக் குரல் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. பந்து எறியாத நேரத்தில் அவர் ஏரி இன்றைக்கு என்ன நிறம் என்பார், கடற்பறவை வந்து யாருடைய சாப்பாட்டைத் தூக்கியது என்பார். நான் ஜாம் பூசிய பாண் துண்டைத் தின்றுகொண்டு அவருக்குத் தமிழில் பதில் சொல்வேன். என் இங்கிலிஷே அவரிடம் படித்ததுதான். வகுப்பில் ரீச்சர் உன் பென்சில் எங்கே என்று கேட்க, நான் எழும்பி நின்று, பந்து தாழ்வாய் விலகிப் போனால் அவர் சொல்கிற மாதிரியே, "லோ அண்ட் அவுட்சைட்" என்றேன். ரீச்சர் சிரித்த சிரிப்பில் மற்றப் பிள்ளைகளுக்கும் என்னைப் பிடித்துப்போனது.

அந்த வருஷம் என் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் ரேடியோவில் வாழ்த்து வரவேண்டும். பிள்ளையின் பேர், எந்த ஊர், வாழ்த்துகிற சொந்தக்காரர் யார் யார் என்று ஒருவரையும் விடாமல் அறிவிப்பாளர் வாசிப்பார். முதலில் அப்பாவின் பேர் வரும், பிறகு அம்மா, பிறகு மற்றவர்கள். ஒரு மாமியின் பேர் விடுபட்டால் அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும். எனக்கு ஒவ்வொரு வருஷமும் அதற்கு எழுதிப்போட்டது அப்பாதான். பிடித்துக்கொண்டு போனபிறகு வந்த பிறந்தநாளுக்கு வாழ்த்து வரவில்லை. அதனால் இந்த முறை வந்தால் அப்பாவை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படித்தான் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"கனடா ரேடியோவில எனக்கு ஆர் சொல்லுவினம்?" என்று முதல்நாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தேன்.

"எல்லாத்துக்கும் ஆளிருக்கு. நாளைக்கு ரேடியோவை நிப்பாட்டாமல் வைச்சிரு" என்றார் சித்தப்பா.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய மைதானத்துக்குக் கூரை இல்லை. தரைக்குப் படங்கு விரித்து மூடிவிட்டு எல்லாரும் உள்ளே போய்விட, அந்த மனுஷன் மட்டும் தனியே இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் பேரைச் சொன்னார்.

நான் கையிலிருந்த பாண் துண்டை அப்படியே கீழே போட்டுவிட்டேன்.

என் பேர். எங்கள் ஊரின் பேர். இன்றைக்கு இவளுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகிறவர்கள் என்று சொல்லிவிட்டு, முதலில் அப்பாவின் பேரைச் சொன்னார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுகிற மாதிரி, ஓர் எழுத்துப் பிசகாமல். அதோடு நிறுத்திவிட்டார். படங்கில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மனுஷனுக்கு மூச்சு முட்டிவிட்டது என்று நான் கெக்கட்டம் விட்டுச் சிரித்தேன். பிறகு அம்மா, சித்தப்பா, அம்மம்மா, கொழும்புப் பெரியம்மா, ஜெர்மனி மாமா என்று ஒவ்வொரு பேரிலும் தடுக்கி விழுந்து எழும்பி, ஒருவரையும் விடாமல் முடித்தார். உழவு மெஷினில் இருந்து கேட்டவர்கள் இது எந்த அணியின் ஆட்கள் என்று தலையைச் சொறிந்திருப்பார்கள்.

அம்மா எண்ணெய் வடிகிற கண்ணகப்பையோடு வாசலில் நின்றார்.

"அம்மா! அப்பா வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்! அப்பாவை விட்டிட்டாங்கள்!"

"ஓம், கேட்டனான்" என்றார். ரோல்ஸ் கருகிப் புகை வந்தது. அவர் திரும்பவில்லை.

சித்தப்பா நனைந்து வந்து சேர்ந்ததும் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தேன். "அப்பா உங்களுக்கோ ஃபோன் எடுத்தவர்? எங்க நிக்கிறாராம்?"

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார்.

"பிள்ளை கேக்குது. சொல்லுமன்" என்றார் அம்மா. அம்மாவிடம் அப்படியொரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வாழ்த்தெண்டா அப்பான்ர பேர்தானே அண்ணி முதல் வரவேணும்? அதை விட்டுட்டு எப்பிடிச் சொல்லுவிக்கிறது?" என்றார் சித்தப்பா. பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு, "வா, கேக்கை வெட்டுவம்" என்றார். நான் பெரிய துண்டாக ஒன்றை வெட்டி அப்பாவுக்கு என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பா இனி இல்லை என்ற செய்தியோடு ஊரிலிருந்து ஓர் ஆள் அந்த வருஷம் பனி கரையும்போதே வந்து போயிருக்கிறார். நான் கொஞ்சம் வளரட்டும் என்று அம்மாவும் சித்தப்பாவும் மூடி வைத்துவிட்டார்கள். எனக்குச் சொன்னது நான் ஹைஸ்கூல் போனபிறகு. சித்தப்பா மற்றதைச் சொன்னது அதற்கும் பிறகு. அந்த மனுஷன் இருந்து ஆட்டம் சொல்கிற கண்ணாடிக் கூட்டையும் சித்தப்பாதான் துடைப்பாராம். வாழ்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டதும், அந்த மனுஷன் அப்பாவின் பேரைச் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாராம். பிறகு, தகப்பன் இப்போது எங்கே என்று கேட்டாராம்.

"பொய் சொல்லுற அளவுக்கு எனக்கு இங்கிலிஷ் காணாது பிள்ளை. உண்மையைச் சொல்லிப்போட்டன்" என்றார் சித்தப்பா.

ஒன்பது வயதில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. அந்தக் கோடை முழுக்க நான் மழைக்கு நேர்ந்துகொண்டேன். மழை வந்து ஆட்டம் நின்றால் அப்பாவிடமிருந்து இன்னொரு வாழ்த்து வரும் என்று ஓடிப்போய் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைப்பேன். அம்மா வீட்டில் இருந்தால் குசினியிலிருந்து வந்து அதைக் குறைத்துவிட்டுப் போவார். நான் திரும்பக் கூட்டுவேன். அவர் திரும்ப வந்து குறைப்பார்.

அம்மாவுக்கு பேஸ்போல் பிடிக்காது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.