வசனமில்லாத வாக்குத்தத்த அட்டை

"எனக்கு லக்கிப்பா, பெரிய வசனம்!" புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, அந்த வருடத்துக்கான பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை மகள் நீட்டினாள். அதன் மை வாசனையில் தொண்ணூறுகளின் போத்தனூர் தேவாலயம் நினைவுக்கு வந்தது.

அந்தப் புத்தாண்டுக்கு அடுத்த வாரம் என் அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை. போதகர் நீட்டிய தட்டிலிருந்து அம்மா அவருக்காக எடுத்த அட்டையில் வசனமே இல்லை. அச்சகத்தின் தவறு.

பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தை பதறினார். "ஏனுங்க அக்கா, அதிர்ஷ்டமில்லீங்களே! வேற எடுங்க."

"இதென்ன லாட்டரிச் சீட்டா அம்மணி, நல்லது வர்ற வரைக்கும் எடுக்கறதுக்கு?" வெற்று அட்டையை அம்மா பைபிளுக்குள் வைத்தார்.

அப்பா பிழைத்து, நடந்தே வீட்டுக்குள் வந்தார்.

"நல்ல அதிர்ஷ்டமுங்க" என்றார் அத்தை.

அம்மா அதையும் ஏற்கவில்லை. "டாக்டரு அஞ்சு மணி நேரம் நின்னாருங்க அம்மணி. கர்த்தர் அவரை நிக்க வெச்சாரு."