கொண்டுபோக வாங்கோ

2025 ஜூன் 14, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வெப்பநிலை நான்கு பாகை, காற்றில்லை, வீடுகளின் முன்புறப் புல்லில் உறைபனி சாம்பல் தூவியதுபோலக் கிடந்தது. பிளாக்டவுன் ரயில் நிலையத்தின் பின்தெருவிலுள்ள மீன்கடையில், கேத்ரின் அன்றைய முதல் மீனைப் பலகையில் கிடத்தி, ஈரத்துணியால் அதன் கண்களைத் துடைத்துவிட்டார். முதல் மீனுக்கு மட்டுமே இந்த மரியாதை. அதற்குப் பிறகுதான் கத்தி.

அந்தக் கத்தியும் கடையிலுள்ள மற்றக் கத்திகளைப் போன்றதன்று. அரைநிலா வடிவ அலகு. அதன் முதுகில் கையடக்கமான மரப்பிடி. கேத்ரின் அதை இழுத்து வெட்டுவதில்லை. தொட்டிலை ஆட்டுவதுபோல முன்னும் பின்னும் அசைப்பார். மூன்றாவது அசைவில் மீன் இரண்டாகிவிடும். குழம்புக்கு, பொரியலுக்கு, தலை தனியாக, வால் தனியாக என்று யார் எப்படிக் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். ஒன்று மட்டும் அவரிடம் நடக்காது. மறுநாள் என்ன மீன் வரும் என்பதை அவர் வாயிலிருந்து எவராலும் வரவழைக்க முடியாது.

"ஏம்மா கேத்ரின், செவ்வாய்க்கிழமை வஞ்சிரம் வருமா?" என்று அன்றும் விஜயா கேட்டார். மதுரையில் பிறந்து, பரமட்டாப் பக்கத்து மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர், அடுத்த தெருக்காரர்.

"அறுக்குளாவையோ கேக்கிறியள்? அது தன்ர எண்ணத்துக்குத்தான் வரும், விஜயாக்கா. வரும் எண்டு நாங்கள் சொன்னால், கேட்டுக்கொண்டிருந்துபோட்டு வேணுமெண்டே வராமல் விட்டிடும்."

"மீனுக்குக் காது இருக்குன்னு சொல்ற ஒரே மீன்காரி நீதான்."

"காது இருக்கு. உங்களுக்குத்தான் அதைக் கறிவைக்கத் தெரியாது."

விஜயா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு அம்மாவோட வருஷத் திவசம் இல்ல? பாயசம் வெச்சு எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

"ஒண்டும் கொண்டு வராதையுங்கோ. கொண்டுபோக வாங்கோ."

விஜயாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வற்றியது. "சரிம்மா" என்று திரும்பி நடந்தார். வெட்டிச் சுற்றிவைத்த மீன் பலகையின் மேலேயே இருந்தது. கேத்ரின் கையைக்கூடத் துடைக்காமல் அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினார்.

"விஜயாக்கா, மீனை விட்டிட்டுப் போறியள்!"

விஜயா வாங்கிக்கொண்டார், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பது கேத்ரினுக்குத் தெரியும்.

கேத்ரினின் தந்தை யோகேஸ்வரன் காரைநகரில் பிறந்தவர். நிலவியல் படிப்பதற்காக 1966ஆம் ஆண்டு அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் குளிர்காலத்தில் கையுறைகளைத் தொலைத்துவிட்டு, இரு கைகளிலும் காலுறைகளை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழக உணவகத்துக்கு வந்தார். பரிமாறிக்கொண்டிருந்த மார்த்தா, கால்களில் என்ன அணிந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். யோகேஸ்வரன் கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மார்த்தா, யூக்கான் ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழும் அதபாஸ்கன் மக்களுள் ஒருவர். அடுத்த வாரமே, புகையில் பதப்படுத்திய மூஸ் மான் தோலில் ஒரு சோடிக் கையுறை தைத்து, அதன் முதுகில் மணிகளால் சிவப்புப் பூ ஒன்றைக் கோத்து, அவர் தட்டின் அருகில் வைத்தார்.

"அந்தக் கிளவுஸுக்காகத்தான் அப்பா கலியாணம் கட்டினவர்" என்பார் கேத்ரின். "வெயில் வந்தாப் பிறகு ஆறுதலா யோசிச்சிருந்தாரெண்டால் நான் பிறந்திருக்கமாட்டன்."

முதற்குழந்தைக்குத் தாய் பெயர் வைப்பதென்றும், இரண்டாவதற்குத் தந்தை வைப்பதென்றும் உடன்பாடு. அதனால்தான் ஒரே வீட்டில் ஒரு கேத்ரினும் ஒரு சுபாங்கனும் வளர்ந்தார்கள். 1975ஆம் ஆண்டு யோகேஸ்வரனுக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. பிளாக்டவுன் வீட்டின் பின்வளவில் இருந்த தகரக் கொட்டிலை மார்த்தா மீன் புகையூட்டும் கூடமாக மாற்றினார். முதல் நாளே அயலவர் தீயணைப்புப் படையை அழைத்துவிட்டார். வந்தவர்கள் ஆளுக்கொரு கீலம் மீனைத் தின்றுவிட்டுப் போனார்கள். அதற்கு எதிரே, சுழலும் துணிக்கொடியில் யோகேஸ்வரன் காயவைத்த கருவாடு பள்ளிச் சீருடைகளுக்கிடையே தொங்கும். வெள்ளிக்கிழமைகளில் அவர் மரக்கறி மட்டுமே உண்பார். மார்த்தா அன்று புகைக்கூடத்தின் கதவையும் சாத்திவைப்பார். "மீனுக்கும் இன்று விரதம்" என்பார். விலங்குகளைக் கேலி செய்யக்கூடாது, நாளைய வேட்டையைப் பற்றி இன்று பெருமை பேசக்கூடாது என்பவை தாயின் சட்டங்கள். வாசற்படியில் நின்று எதையும் கைமாற்றக்கூடாது என்பது தந்தையின் சட்டம். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிந்தார்கள். எது எந்தக் கண்டத்துச் சட்டம் என்று பிரித்தறியாத வயது அது.

யோகேஸ்வரன் 2005ஆம் ஆண்டு காலமானார். ஓராண்டு நிறைவில் மார்த்தா தம் ஊர் வழக்கப்படி பொட்லாச் விருந்து வைத்தார். இறுதிக் காலத்திலும் அடக்கத்திலும் தோள்கொடுத்தவர்களுக்கு, இறந்தவரின் குடும்பம் தன்னிடமுள்ளவற்றுள் நல்லதையெல்லாம் கொடுத்துவிடும் நாள் அது. பதினொருவருக்குப் பதினொரு பொதிகள்: ஒவ்வொன்றிலும் ஒரு புதிய கம்பளி, அதனுள்ளே யோகேஸ்வரன் பயன்படுத்திய ஒரு பொருள். வந்திருந்தவர்கள் அனைவரும் தமிழர்கள். மார்த்தாவின் மனம் நோகக்கூடாதென்று இரு கைகளாலும் வாங்கினார்கள். ஆனால் செத்தவர் தொட்ட பொருளைத் தம் வீட்டுக்குள் எடுத்துச்செல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. வாசலுக்குப் போனதும் தபால்பெட்டியின் பக்கத்தில் வேலியோரமாக ஒருவர் வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் வைத்தார். மரணவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படும் வழக்கம் இல்லாதபடியால், ஒருவரும் விடைபெறவுமில்லை. மாலையில் சுபாங்கன் வெளியே போனபோது பதினொரு பொதிகளும் அங்கே கிடந்தன.

மார்த்தா கோபிக்கவில்லை. தடித்த பேனாவொன்றை எடுத்து, பொதிகள் ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயரை எழுதி, வாகனக் கொட்டகையில் அடுக்கினார். "மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். நினைவு வரும்போது வருவார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. அந்தப் பதினொருவரும் வந்தார்கள், போனார்கள். அவர் புகையூட்டிய மீனைக் கேட்டு வாங்கினார்கள். பொதியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. கொடுத்தது போய்ச் சேராதவரை கணவரின் ஒரு கால் இன்னும் வாசலிலேயே நிற்கிறது என்று மார்த்தா நம்பினார். சென்ற ஆண்டு தம் கடைசிக் கிழமையில் மகளிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: எனக்காகக் கொடுக்கும் நாளில் அப்பாவுடையவற்றையும் கொடுத்துவிடு.

இம்முறையும் வாசலில் கிடந்தால், இருவருமாகக் கிடப்பார்கள். கேத்ரினுக்கு ஒரு மாதமாக உறக்கம் சரியில்லை.

சனிக்கிழமை மாலை, கிளென் வேவர்லியிலிருந்து ஒன்பது மணி நேரம் காரோட்டி வந்த சுபாங்கன், கார்ப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே தாயின் பெயர் பொறித்த சில்வர் தட்டுகள்.

"அக்கா, சனத்துக்குப் பிடிக்காததைத் திணிக்க ஏலாது. இந்தத் தட்டைக் குடுப்பம். சந்தோஷமாக் கொண்டு போவினம்."

"தட்டையும் குடு. நான் வேண்டாமெண்டனானோ?"

"அண்டைக்கு நீ குசினிக்குள்ள நிண்டனீ. அதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தது நான். அம்மாட முகத்தைப் பாத்ததும் நான்தான்."

கேத்ரின் கொட்டகையின் விளக்கைப் போட்டார். மேலேயிருந்த பொதியில் விஜயாவின் பெயர் இருந்தது. யோகேஸ்வரனின் கடைசி இரண்டு மாதங்களும், மருத்துவமனை வேலை முடிந்து ஒவ்வொரு மாலையும் வந்து அவரைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைத்தவர் விஜயா. எனவே, இருப்பவற்றுள் சிறந்ததை மார்த்தா அவருக்கென்று ஒதுக்கியிருந்தார். சுபாங்கன் முடிச்சை அவிழ்த்தார். கம்பளிக்குள் மூஸ் தோல் கையுறைகள் இருந்தன. சிவப்புப் பூவில் ஒரு மணிகூட உதிரவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் புகைவாசனை எழுந்து கொட்டகையை நிறைத்தது. ஐம்பது வயது மனிதர் அவற்றுள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சற்றுநேரம் நின்றார்.

"இதை மட்டும் நான் வைச்சிருக்கிறன், அக்கா. ப்ளீஸ். விஜயா அன்ரிக்கு இது இருக்கிறதே தெரியாது."

கேத்ரினின் கையும் அந்தக் கையுறையை நோக்கி நீண்டது, பாதியில் நின்றது.

"அது எங்கட இல்லை, சுபா. பேர் எழுதிக் கிடக்கு."

சுபாங்கன் திரும்பக் கட்டினார். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை முடிச்சு கோணலாக விழுந்தது.

மறுநாள் காலை கல்லறையில் பூ வைத்தார்கள். மதியம் வீட்டில் நாற்பது பேர் சாப்பிட்டார்கள்: சோறு, பருப்பு, சுபாங்கன் சொல்லிவைத்து எடுப்பித்த வடை, மார்த்தாவின் கொட்டிலில் கேத்ரின் புகையூட்டிய மீன். இரண்டு மணிக்குக் கேத்ரின் எழுந்து பொதிகளின் முன்னால் நின்றார். சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சு அடங்கியது. பழைய பொதிகளை அடையாளம் கண்டுகொண்டவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள்.

"விஜயாக்கா."

விஜயா எழுந்து வந்தார். கையை நீட்டவில்லை.

"நான் இதை மறந்துட்டுப் போகலை, கேத்ரின். அப்ப எங்க மாமியார் வீட்டுல இருந்தாங்க. செத்தவங்க சாமான் உள்ள வரக்கூடாதும்பாங்க. நான்தான் முதல்ல வெச்சேன். மத்தவங்கல்லாம் என்னைப் பார்த்துத்தான் வெச்சாங்க." பொதியின் மேலிருந்த தம் பெயரைப் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஓம். யன்னலால பாத்துக்கொண்டு நிண்டவா."

"பார்த்துட்டுமா மறந்துட்டாங்கன்னு சொன்னாங்க?"

"ஓம்."

விஜயா பொதியை வாங்கி அங்கேயே பிரிக்க முயன்றார். கோணல் முடிச்சு இளகவில்லை. சுபாங்கன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, அதைத் தாமே அவிழ்த்துக் கொடுத்தார். கையுறைகளைக் கண்டதும் விஜயா தம் ஒரு கையை விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கையாலதான் அவரைக் குளிப்பாட்டினேன். அப்புறம் அவரோட கையுறைக்குப் பயந்திருக்கேன் பாரு."

ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். விரல்நுனிகள் காலியாகத் தொங்கின. "உங்களுக்குப் பெரிசு, அன்ரி" என்றார் சுபாங்கன். "இருக்கட்டும்டா. இந்தக் குளிருக்குப் பெரிசாவே போட்டுக்கறேன்" என்றார் விஜயா. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யாரோ சிரித்தார்கள். கேத்ரின் அடுத்த பெயரை வாசித்தார். பதினொருவருள் நால்வர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். பிறகு மார்த்தாவின் பொதிகள். கடைசியாகத் தட்டுகள்.

நான்கரை மணிக்கு ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். கேத்ரின் வழியனுப்ப வெளியே வரவில்லை; குசினிக்குள் நின்று, கழுவிய பானையையே மறுபடியும் கழுவினார். இரண்டு கைகளிலும் கையுறையோடு விஜயா குசினி வாசலில் எட்டிப்பார்த்து, "போயிட்டு வர்றேன், கேத்ரின்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார்க்கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசிக் காரின் ஒலியும் தெருமுனையில் தேய்ந்தது.

அப்போதுதான் கேத்ரின் மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. தபால்பெட்டியின் பின்னால் பார்த்தார். குப்பைத்தொட்டியை நகர்த்திப் பார்த்தார். குனிந்து, ஈரமான செடிவேலிக்குள் முழங்கைவரை கையை விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே நடந்தார். சுபாங்கன் தோளில் துவாய்த் துண்டுடன் படியில் வந்து நின்றார்.

"அக்கா, எத்தினை கிடக்கு?"

கேத்ரின் கையை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த இலைகளை உதறி, வாயிற்கதவின் கொளுக்கியைப் போட்டார்.

"ஒண்டும் இல்லை" என்றார்.