கேட்காமல் போன ஒரு மாதம்

பீளமேட்டில், காது கேட்கும் கருவி செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். விலை குறைய வேண்டும் என்று சின்ன சிப் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதன் நினைவகத்தில் எங்கள் நிரல் அடங்கவில்லை. அடக்குவது என் வேலை.

சுலபமான வழியைப் பிடித்தேன். ஒலியின் ஒவ்வொரு துளியையும் ஓர் எண்ணாக வைத்திருப்போம்; அந்த எண்ணின் நீளத்தைப் பாதியாக வெட்டினேன். நினைவகத்தில் அது பிடித்த இடமும் பாதியானது. பேச்சு தெளிவாகவே கேட்டது. எல்லோரும் கை கொடுத்துப் பாராட்டினார்கள்.

பரிசோதனைக்காகக் கருவியை அணிந்துகொண்டவர்களில் ஒருவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா. மெஷின் இரைச்சலில் பல வருடம் நின்று கேட்கும் திறனை இழந்தவர். ஒரு மாதம் கழித்து வந்தார்.

“பேசறதெல்லாம் நல்லாக் கேக்குதுங்க கண்ணு. எங்க ஊட்டுக்காரரு கூப்பிடறதுதான் கேக்க மாட்டேங்குது.”

பக்கவாதத்தில் படுத்திருந்த கணவருக்கு, மூச்சுக்காற்று அளவுக்குத்தான் குரல் மிச்சமிருந்தது. “மெஷின் வந்துருச்சுன்னு நம்பிக் கூப்பிடறாருங்க. நான் திரும்பலீன்னா அழுவறாரு” என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. மெல்லிய ஒலிகளின் எண்கள் மிகச் சிறியவை. நான் வெட்டி எறிந்த நுனியில்தான் அவை இருந்தன. அவரிடம், “பாக்கறேனுங்கம்மா” என்று மட்டும் சொன்னேன்.

எண்களைப் பழையபடி நீட்ட வேண்டும் என்றதும் டீம் லீடர், “எடம் எங்கீங்க மேடம் இருக்குது?” என்றார். நியாயமான கேள்வி. ஒரு வாரம் நிரலை வரி வரியாகப் படித்தேன். வரும் ஒலிக்கு ஓர் இடமும் திருத்திய ஒலிக்கு வேறோர் இடமும் ஒதுக்கியிருந்தோம். திருத்தி முடித்த பிறகு பழைய ஒலி எதற்கும் தேவையில்லை. அதன் மேலேயே புதியதை எழுதிவிடலாம். இரைச்சலை வடிகட்டும் அட்டவணையிலும் பின்பாதி, முன்பாதியைத் திருப்பிப் போட்டதுதான். ஒரு பாதி போதும். தேவையான இடம் கிடைத்துவிட்டது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

கருவியை நானே அந்த அம்மாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். கட்டிலில் கணவரின் உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து, “இதா வாரேனுங்க!” என்று குரல் வந்தது. கணவர் நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டார்.

சில மாதங்களில் அவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போனபோது அந்த அம்மா, “கடைசியாத் தண்ணி கேட்டாருங்க. எனக்குக் கேட்டுச்சு. குடுத்தேன்” என்றார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. முதலில் கேட்காமல் போனது என் தவறால்தான் என்று சொல்லிவிட்டேன்.

காலியாகக் கிடந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப அந்த ஒரு மாசம் என்னென்ன சொன்னாரோ, கண்ணு.”

குரலில் கோபம் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.