பலகையில் இடமில்லை

விழுந்து கிடந்தபோது என் கணவர் கால் விரல்களை அசைத்தார். என் கண்ணால் பார்த்தேன். யார் வந்து என்ன சமாதானம் சொன்னாலும் இதை மட்டும் நான் விடப்போவதில்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் இருவரும் வேலை செய்தோம். நான் பொம்மைகளைப் பிசிறு நீக்கித் துடைப்பேன். அவர் சூளை அடுக்குவார். அன்று ஒழுகும் கூரையைப் பார்க்க ஏறியவர், ஷீட் உடைந்து மல்லாக்க விழுந்தார். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "முதுவு வலிக்குது, அசைக்காத" என்றார். தெளிவாகத்தான் பேசினார்.

"யாரும் தூக்காதீங்க, ஆம்புலன்ஸ் வருது" என்று கத்தினேன். யார் காதில் ஏறியது? பெண்டாட்டி பதறுகிறாள் என்று என்னை ஓரமாக நகர்த்தினார்கள்.

"அது வர்ற வரைக்கும் பாத்துக்கினு நிக்கறதா? ஆட்டோ நிக்குது, புடிங்கப்பா" என்றார் மேஸ்திரி.

"பலகையிலயாவது படுக்க வெச்சுத் தூக்குங்கண்ணே."

"பலகையில பச்சை மாலு இருக்குதும்மா. எறக்கனா ஒடைஞ்சிடும்."

பச்சை மால் என்றால் இன்னும் சூளைக்குப் போகாத பொம்மை. அதை இவர்கள் நகர்த்தும் அழகைப் பார்க்க வேண்டும்! முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், பலகை ஒரு பக்கம் சாயாமல், மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பார்கள். குறுக்கே யாராவது வந்துவிட்டால் வாயில் வராத வசவு இல்லை. அதே கைகள்தான் என் கணவரை அக்குளில் ஒருவரும் முழங்காலில் ஒருவருமாக, நெல் மூட்டை மாதிரி தூக்கின. நடுமுதுகு தொங்கியது. அவர் அலறினார். ஆட்டோவில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து, சாயச் சாய நிமிர்த்தினார்கள். வழியெல்லாம் பள்ளம். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது என்னைக் கேட்டார்: "என் காலு எங்க இருக்குது?"

அக்கறையில்தானே செய்தார்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அந்த அக்கறை நாசமாய்ப் போக.

இப்போது அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. போன வாரம் மேஸ்திரி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். "அன்னைக்கி நாங்க மட்டும் ஒடனே தூக்கியாரலன்னா ஆளே இருந்திருக்க மாட்டாரு" என்றார். படுத்தபடியே என் கணவர் அவரைக் கும்பிட்டார். டீயை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"பலகையில இருந்த அந்தப் பொம்மைங்க என்ன ஆச்சுண்ணே?"

"அதுக்கு ஒண்ணும் ஆவலம்மா" என்றார் சந்தோஷமாக. "ஒரு கீறல் இல்லாம சூளைக்குப் போயிடுச்சு."