முடிச்சுப் போட்ட புல்

வெலிமடையில் கரட் கிழங்கு கழுவும் வேலையை விட்டுவிட்டு, உடுப்புப் பையைத் தோளில் போட்டபடி பதுளைப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். வேலை பிடிக்காமல் போவது எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்பும் அப்படித்தான் பிடிக்காமல் போனது. ஒரு வளைவில் சேற்று வாசனை வந்தது. எங்கள் தோட்டத்துப் பழைய சதுப்புதான். இப்போது சுற்றிக் கம்பிவேலி, பறவைப் படம் போட்ட பலகை. மாசி கடைசி, பனி விட்டு வெயில் இதமாகியிருந்தது. தொலைநோக்கியோடு நின்ற ஒரு பிள்ளை அதை என்னிடம் நீட்டி, "பாருங்க மாமா, கானாங்கோழி" என்றாள். வெள்ளை முகம், ஓயாமல் ஆடும் வால். எனக்குச் செல்லம்மாக்காவின் மாடு ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் எனக்கு இன்னும் வேலைக்குப் பேர் பதியாத காலம். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் செல்லம்மாக்கா. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், ஒரு மாடு. கொழுந்து குறைகிற மாதங்களில் அந்த மாட்டுப் பாலை விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மலையெல்லாம் காய்ந்துவிடும் மாசியில் பச்சைப் புல் சதுப்பில் மட்டும்தான். அங்கே புல் அறுப்பவர்கள் கானாங்கோழிக் கூடு கண்டால், சுற்றியுள்ள புல்லை விட்டு, நுனிகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவார்கள். அடுத்து வருபவர் அதில் கத்தி வைக்க மாட்டார். கூட்டைக் கலைத்தால் மாட்டுக்குப் பால் வற்றும் என்று எல்லாரும் நம்பினோம், மாடே இல்லாத நான் உட்பட.

ஒருநாள் அக்காவோடு போனால் நல்ல புல் நின்ற இடமெல்லாம் முடிச்சு. இரண்டு மாடு வைத்திருந்த மேல் லயத்து முத்தையா கரையில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, ஒலகத்துக் கோழியெல்லாம் ஒங்களுக்குப் புடிச்ச புல்லுலதான் முட்ட போட்டிச்சா?" என்றார் அக்கா.

"சந்தேகம்னா அறுத்துப் பாரு தாயி. பால் வத்துனா என்னைய கேக்காத."

அறுத்தால் பால் வற்றும். அறுக்காவிட்டால் மாடு பட்டினி, அப்போதும் வற்றும். கூடு இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவினாலும் கலைத்ததாகத்தான் கணக்கு. அக்கா கத்தியை மண்ணில் குத்தினார். "ஒக்காரு தம்பி. கோழி எங்க போகுதுன்னு பாப்போம்."

பறவை பார்க்கவென்று நான் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. அடைகாக்கும் கானாங்கோழி நேராகக் கூட்டுக்குப் போகாது. இங்கே மேயும், அங்கே மேயும், நாம் கண் சிமிட்டும்போது மறைந்துவிடும். வெயில் ஏறியது. வாலாட்டிக் குருவி ஒன்று எங்கள் காலடி வரை வந்துபோனது. எனக்குப் பசி. கடைசியில் ஓரத்தில், யாரும் மதிக்காத மெலிந்த புல்லிலிருந்த முடிச்சுக்குள் ஒரு கோழி நுழைந்தது. உள்ளேயிருந்து இன்னொன்று வெளியே வந்தது.

"மொற மாத்துறாங்கடா புருஷனும் பொஞ்சாதியும்! இது ஒண்ணுதான் நெசம்."

வெயில் சாயும்வரை வேறெங்கும் கோழி நுழையவில்லை. அந்த ஒன்றை விட்டு மற்ற எல்லாவற்றையும் அக்கா அறுத்தார். புல்லைக் கட்டியதும், "கட்ட தலையில தூக்கி வுடுங்கண்ணே" என்று முத்தையாவையே கூப்பிட்டார். அவரும் பீடியைப் போட்டுவிட்டு வந்து தூக்கிவிட்டார். அந்த வருஷம் பால் வற்றவில்லை.

தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். வேலிக்குள் புல் ஆள் உயரம். அறுக்க விடுவதில்லை, கோழிகளுக்கு நல்லதுதான். மேலே லயத்துக்கு ஏறிப் போனேன். அக்காவின் காம்பராவில் வேறு யாரோ இருந்தார்கள். ஒரு மாட்டுத் தொழுவமும் கண்ணில் படவில்லை. "மாடா? அதெல்லாம் எப்பவோ வித்தாச்சுங்க" என்றார்கள்.

மறுநாள் காலை பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையில் சேர்ந்தேன். கடைக்கார முஸ்லிம் நானா காட்டிய முதல் வேலை, வெந்நீரில் பால்மாப் பொடி கரைப்பது.