கடல் தெரியும் அறைகள்

லாட்ஜ்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் யாரையும் திட்டமாட்டாள். துவைக்கிற கல்தான் அடிவாங்கும். அன்று ஆறு அறைகளின் படுக்கை விரிப்புகளையும் ஒரே மூச்சில் அடித்துத் துவைத்தாள். சுற்றுலாவை வளர்க்கப் போகிறோம் என்று அரசாங்கம் ஒரு புது வரி போட்டிருந்தது. கடல் தெரியும் அறைக்கு வரியாம். ஏதோ இவர்கள்தான் கடலைத் தோண்டித் தண்ணீர் ஊற்றி வைத்த மாதிரி!

எல்லோருக்கும் என்றாலாவது மனசு ஆறியிருக்கும். பக்கத்தில் புதிதாக எழும்பிய பளிங்கு ஓட்டலுக்கு விலக்கு. நூறு அறை கட்டினால் அது முதலீடு, சலுகை உண்டு. ஆறு அறை வைத்துக்கொண்டு, புருஷன் போன பிறகு மகளைப் படிக்கவைக்கிறவளுக்கு ஒன்றும் கிடையாது. வரியைச் சேர்த்தால் அவள் வாடகை அந்த ஓட்டலையே தாண்டிவிடும். அப்புறம் எந்தப் பைத்தியக்காரன் இங்கே வருவான்?

கொத்தனாரான தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஜன்னலை எல்லாம் அடைச்சிடு. கடலே தெரியலைன்னா எதுக்கு வரி?"

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா? உன்கிட்ட இருக்கறதே அந்த ஜன்னல்தான். உன் மெத்தையப் பாத்தா வர்றாங்க?"

"வாடகைய ஏத்தினா அவங்களும் வரமாட்டாங்க. செங்கல்லை எடு."

முணுமுணுத்துக்கொண்டே அடைத்தான். காற்றுக்காகப் பின்சுவரில் ஜன்னல் திறந்தான். அது ஓட்டலின் அடுப்படிப் புகையைப் பார்த்து இருந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

வருஷா வருஷம் வரும் கடிகாரக்கடைக்காரரும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் சுவரையே பார்த்தாள்.

"இங்கதானே ஜன்னல் இருந்துச்சு?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கொஞ்சம் கூடக் குடுத்தா பக்கத்துல கடலே தெரியுது."

அவர்கள் போன பிறகு விரிப்புகள் மறுபடி கல்லுக்குப் போயின. அழுக்கே படாத விரிப்புகள்.

ஆனாலும் வரி அதிகாரி வந்த அன்று அவளுக்கு ஒரு குஷி. ஆறு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க சார். எங்கயாவது ஒரு சொட்டுக் கடல் தெரியுதான்னு பாருங்க."

அதிகாரி உள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து எழுதினார். புருஷன் தன் கையால் எழுதி மாட்டிய போர்டு: கடல் தெரியும் அறைகள்.

"சார், அது பழைய போர்டு! சுவரைத் தொட்டாவது பாருங்க!"

"அப்படி விளம்பரம் பண்ணினா வரி உண்டும்மா. விதி அப்படி."

"இப்பவே கழட்டிடறேன்."

"கழட்டுங்க, அடுத்த வருஷம் பாக்கலாம். இந்த வருஷத்துக்குப் பதிவாயிடுச்சு."

"பக்கத்துல அவ்வளவு பெருசா எழுதியிருக்கானே?"

"அவங்க விலக்குல வர்றாங்க."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தம்பி ஏணியோடு ஓடிவந்தான். "கழட்டிடவா அக்கா?"

"போர்டைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். கடப்பாரையக் கொண்டா."

"எதுக்கு?"

"கடலுக்குக் காசையும் கட்டிட்டு இருட்டுல உக்காரணுமா நான்?"

முதல் அறையில் அவளே இடித்தாள். தலையெல்லாம் சுண்ணாம்பும் சிமெண்டுமாக, தம்பி தடுத்தும் கேட்காமல் இடித்தாள். மூன்றாவது அடியில் செங்கல் பெயர்ந்து வெளிச்சம் தரையில் விழுந்தது. அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சார்!" என்று அந்த ஓட்டை வழியாகவே கத்தினாள். "இப்ப எழுதுங்க, கடல் தெரியுது! பக்கத்து ஓட்டல்ல சும்மா தெரியற அதே கடல்தான்னு சேத்து எழுதுங்க!"